பார்வையாளர் நேரம்

ஒரு கோடை முழுக்கச் சேலத்தைச் சுற்றிப் பார்த்தவள் நான் என்று சொன்னால், என் வயதுக்காரர்களான நீங்கள் சிரிப்பீர்கள். நமக்கெல்லாம் சேலம் என்றால் ஏற்காட்டுக்குப் பஸ் மாறுகிற ஊர், கல்யாணத்துக்கு வெள்ளிக் கொலுசு எடுக்கிற ஊர், உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஊர். நாங்களும் அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் போனோம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு சங்ககிரியில். அப்பா லாரி டிரைவர். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அந்தக் கோடையில் மறுபடியும் வயிற்றில் பிள்ளை இருந்தது. காலும் முகமும் வீங்கி, தலைவலி என்று சுருண்டு படுத்தவளைச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, பிரசவம் ஆகிறவரை இங்கேயே அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பா லாரியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அம்மாப்பேட்டையில் இருந்த அத்தை வீட்டில், அதாவது அப்பாவின் அக்கா வீட்டில், நாங்கள் இருவரும் தங்கினோம்.

காலையில் அத்தை தூக்குப்போசியில் கஞ்சியோ அரிசிம்பருப்பு சோறோ அடைத்துத் தருவார். அதை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட வேண்டும். உள்ளே விட மாட்டார்கள். பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான். அதுவரை அப்பாவும் நானும் ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அப்பா பேசுகிறவர் இல்லை. லாரியில் கிளீனரோடு கூட ஊருக்கு ஒரு வார்த்தைதான் பேசுவார் என்று அம்மா சொல்வாள். நான் வேப்பங்கொட்டை பொறுக்குவேன். எறும்பு வரிசையைக் குச்சியால் மறிப்பேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் உள்ளே ஓடுவோம். அம்மா இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பாள். அவளுக்கு எதிரே பச்சை அடித்த சுவர். வேறொன்றும் கிடையாது. எங்களைப் பார்த்ததும் கேட்பாள்.

“இன்னைக்கு என்னுங்க நடந்துச்சு வெளிய?”

“ஒண்ணுமில்ல” என்பார் அப்பா.

தினமும் இதே கேள்வி, இதே பதில். ஒரு நாள் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. துடைக்கக் கூட அவள் கையை எடுக்கவில்லை.

“ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க. நாள் முழுக்க இந்தச் செவுத்தையே பாத்துட்டுக் கெடக்கறேன். என்ற மனசு எங்கெங்கயோ போகுதுங்க. எதாச்சும் சொல்லுங்க.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு கட்டில் விளிம்பில் பெயர்ந்திருந்த பெயின்டைச் சுரண்டினார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான அம்மா ஒருவர் அப்போதுதான் முதல் தடவை எங்களிடம் வாயைத் திறந்தார். செவ்வாய்ப்பேட்டைக்காரர். வீட்டுக்காரருக்குக் குடைக் கடை. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி, சர்க்கரை இருந்ததால் புண் ஆறாமல் படுத்திருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஏன் தம்பி, இத்தாம் பெரிய ஊர்ல இருந்துகிட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்றீங்களே, நாயமா?” என்றார். “மியூசியம் பாத்தீங்களா?”

“இல்லைங்க.”

“பச்சப்புள்ளைய மரத்தடியில ஒக்கார வச்சுக் காய வைக்கிறதுக்கு, நாளைக்கு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. போயிட்டு வந்து தங்கச்சிகிட்ட சொல்லுங்க. நானும் கேக்கறேன். பொறந்ததுலேர்ந்து இந்த ஊருதான், நானே பாத்ததில்ல.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

மியூசியம் நாங்கள் நினைத்த மாதிரி பெரிதாக இல்லை. வாசலில் பழைய கற்கள் வரிசையாக நின்றன. உள்ளே சுண்ணாம்பும் வௌவாலும் கலந்த மாதிரி ஒரு வாசம். எங்களைத் தவிர யாரும் கிடையாது. காவலர் எழுந்துவந்து எங்களுக்காக விளக்குப் போட்டார். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். “போட்டுக்கலாங்க” என்று காவலர் சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே சாமி சிலைகள் இருந்தன, அவருக்கு அது போதும்.

ஒரு நடுகல் முன்னால் வெகுநேரம் நின்றோம். ஒருவன் புலியைக் குத்துகிறான். புலியும் அவன்மேல் பாய்ந்திருக்கிறது. யார் ஜெயித்தது என்று நான் கேட்டேன். “கல்லு அவனுக்குத்தான வெச்சுருக்குது. அப்ப அவந்தான் செத்திருப்பான்” என்றார் அப்பா. பிறகு கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய ஓவியம். தவழ்கிற கிருஷ்ணன். நகையெல்லாம் தங்க நிறத்தில் மேடாக எழும்பி நின்றது. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல் வாயடைத்து நிற்க, நான்தான் சொல்ல ஆரம்பித்தேன். புலியைச் சொன்னேன். ஆள் உயரத் தாழியைச் சொன்னேன். கிருஷ்ணனைச் சொன்னதும் அம்மா குறுக்கிட்டாள்.

“கொழந்தை எப்படி இருந்துச்சு? குண்டாவா?”

“ஆமாங்மா. கையில காலுல மடிப்பு மடிப்பா.”

“நெறம்?”

“நீலந்தான். ஆனா வெளுத்த நீலம்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டிலம்மா புலிக்கு எத்தனை பல் இருந்தது என்று கேட்டார். நான் எண்ணவில்லை. மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதற்காகவே மறுபடியும் போனோம். கல் தேய்ந்திருந்ததால் புலிக்கு வாய்தான் இருந்தது, பல்லைக் காணோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேப்பமரம் மறந்துபோனது. எங்கே போக வேண்டும் என்பதைப் பக்கத்துக் கட்டிலம்மாதான் தீர்மானிப்பார். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்குத் தெரியாத தெரு இல்லை. சர்க்கரை, காரம், எண்ணெய் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. அதனால் எங்கள் வாயை வைத்துச் சாப்பிட்டார்.

“தட்டுவடை செட்டு தின்னுருக்கியா பாப்பா? தள்ளுவண்டியில விப்பான். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு, கேரட்டு துருவி வச்சு, பச்சச் சட்னி செவப்புச் சட்னி தடவித் தருவான். ஒரே வாயில போடணும். கடிச்சீன்னா ஒடஞ்சு சட்டையெல்லாம் ஊத்தும்.”

நான் கடித்தேன். சொன்னபடியே உடைந்து ஊற்றியது. அம்மாப்பேட்டைக் கடைவீதியில் மஞ்சள் பல்பு தொங்கிய ஒரு வண்டி அது. இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். முதலில் நொறுங்குகிற சத்தம், பிறகு பூண்டுக் காரம், கடைசியில்தான் பீட்ரூட்டின் இனிப்பு. இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் பக்கத்துக் கட்டிலம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். “மொதல்ல புளிப்பு வரணுமே, மாங்கா போடலியா அவன்?” என்று விசாரிப்பார். போடவில்லை என்றால் வண்டி தப்பு. வேறு வண்டி தேட வேண்டும்.

பருத்திப்பால் குடித்தோம். முறுக்கை நொறுக்கி வெங்காயத்தோடு பிசைந்து தரும் நொறுக்கல் தின்றோம். குண்டு மாம்பழத்துக்கும் மல்கோவாவுக்கும் வாசத்தில் வித்தியாசம் தெரிந்துகொண்டேன். அப்பா என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். ஒரு நாள் மாம்பழக் கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னார்.

“நாக்பூருக்குப் போயிருக்கேன். டில்லிக்குப் போயிருக்கேன் சாமி. எல்லா ஊர்லயும் லோடு எறக்கற எடந்தான் தெரியும். எந்த ஊரையும் இப்படி நின்னு பாத்ததில்ல.”

ராமநவமிக்காக ஒரு தெருவில் பந்தல் போட்டுத் தினமும் கச்சேரி வைத்திருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து, அத்தை வீட்டுக்குப் போகிற வழியில்தான் பந்தல். மணல் கொட்டி நிரவி, தண்ணீர் தெளித்திருப்பார்கள். அந்த ஈரமணலில் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். பாடகருடைய வைரக் கடுக்கன், பிடில்காரர் தாடையில் இருந்த காய்ப்பு எல்லாம் தெரியும். எனக்குக் கடம் வாசிப்பவரைத்தான் பிடித்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசித்தார். பானையின் வாய் வயிற்றில் பட்டால் ஒரு சத்தம், விலகினால் ஒரு சத்தம்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பாடிக் காட்ட எனக்கு வராது. தூக்குப்போசி மூடியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன். நர்ஸம்மா ஓடிவந்து திட்டினார். அப்போது, யாரும் எதிர்பாராமல், அப்பா பேசினார்.

“அந்தப் பாட்டுக்காரர் கீழ இருந்து மேல போறார் பாரு, கியர் மாத்துனதே தெரியலை. ஏத்தத்துல வண்டி தானாப் போற மாதிரி போகுது. எறங்கறப்பயும் அப்படித்தான். பிரேக்கே போடல.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தன வருசத்துல நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதில்லைங்க” என்றாள். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது.

அம்மாவின் தலைவலி குறைந்தது. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தால் குழந்தை தேறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. நாங்கள் பகலெல்லாம் மரத்தடியில் கவலையோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கையால் துவைத்த என் பாவாடையில் பீட்ரூட் கறை போகாமல் நின்றதும் குட்டு வெளிப்பட்டது.

“பொண்டாட்டி உசுருக்குப் போராடிட்டுக் கெடக்கறா. உனக்குப் பலகாரமும் பாட்டுக் கச்சேரியும் கேக்குதா? ஊரு என்ன பேசும்?”

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தைக்குப் புரிந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அக்கா திட்டினால் தம்பி தலைகுனிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அத்தை, அம்மாவின் பிறந்த ஊரான மோகனூருக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். இரண்டொரு நாளில் அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்து நின்றார். கரும்புக்காட்டு மண் ஒட்டிய செருப்போடு நேராக வார்டுக்குள் வந்துவிட்டார்.

“ஏனுங்க மாப்பள, நாங்க கேள்விப்பட்டதெல்லாம் நெசந்தானுங்களா?” என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. குரல்தான் நடுங்கியது. “புள்ளைய நான் மோகனூருக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. உங்க ஊர்சுத்தலுக்கு அது எதுக்கு?”

அம்மா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். ஆயா ஓடிவந்து அமுக்கினார்.

“அண்ணா, நாந்தான் போகச் சொன்னேன். அவளக் கூட்டிட்டுப் போயிட்டீன்னா எனக்கு ஆரு வந்து சொல்லுவா?”

“என்னத்தச் சொல்லோணும்?”

பக்கத்துக் கட்டிலம்மா என்னைப் பார்த்து, “பாப்பா, இன்னிக்கு எங்க போனீங்க? வழக்கம்போல சொல்லு” என்றார்.

எனக்கு மாமாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அன்று மியூசியத்தில் ஒரு மரச்சிற்பத்தைப் பார்த்திருந்தோம். பழைய தேரிலிருந்து எடுத்து வந்தது. ஒரு குதிரை, அதன்மேல் ஒருவன், குதிரையின் காலடியில் இன்னொருவன். கரையான் அரித்ததில் குதிரைக்கு ஒரு காது இல்லை. மெதுவாக ஆரம்பித்தேன். குதிரையின் பல், கடிவாளம், மேலே இருந்தவன் தலைமுடியைக் கொண்டை போட்டிருந்த விதம். சொல்லச் சொல்லப் பயம் விலகிப்போனது. அம்மா எப்போதும் போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

“அப்பறம்? கீழ கெடக்கறானே, அவன் என்ன பண்றான்?”

கேட்டது மாமா. கட்டிலுக்கு அடியில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கும்வரை கேட்டார். போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டு, “வாரனுங்க மாப்பள” என்றார். என்னைக் கூட்டிப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. அத்தை மட்டும் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நாள் நெருங்கும் முன்பே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. தம்பி பிறந்தான். எங்களுக்குக் காட்டினார்கள். வெள்ளைத் துணிக்குள் அப்பாவின் மூக்கோடு ஒரு சின்ன முகம். அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகினான். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனான். அப்பாவும், சேதி கேட்டு வந்த மாமாவும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அத்தையின் மடியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் வேறெதுவும் தெரியவில்லை.

அப்பா வேட்டி ஈரத்தோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். என்னிடம் கையை நீட்டினார்.

“வா சாமி.”

“எங்கீங்கப்பா?”

“தெரியல. வா.”

அத்தை, “இன்னைக்குமா?” என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை அது. கேட்காத மாதிரி அப்பா நடந்தார்.

எங்கெங்கோ நடந்து மாம்பழ மண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். எதுவும் வாங்கவில்லை, தின்னவில்லை. வைக்கோல் பரப்பிய தரையில் மாம்பழம் மலைமலையாகக் குவிந்திருந்தது. பழுத்தது, பாதி பழுத்தது, காய் என்று மூன்று வாசமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. கூடைக்காரப் பெண்கள் உட்கார்ந்து, அழுகல் பழத்தைப் பார்க்காமலே தொட்டு எடுத்து வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாடு வந்து அதைத் தின்றது. அப்பா ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். சுமைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூட்டையைச் சுற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வார்டுக்குள் போனோம். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமா நின்றார், அத்தை நின்றார். பக்கத்துக் கட்டிலம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கூடத்தின் மறுகோடியில் வேறு யாருடைய குழந்தையோ வீறிட்டது.

அம்மா திரும்பாமலேயே கேட்டாள். “இன்னைக்கு எங்க போனீங்க?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

வைக்கோலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று வாசத்தையும் சொன்னேன். பழம் எறிந்த பெண்கள், மாடு, தராசுத்தட்டின் சங்கிலிச் சத்தம். அப்பா அழுததைச் சொல்லவில்லை. அம்மாவின் முதுகைப் பார்த்தே சொன்னேன். மாட்டின் தாடையில் மாம்பழச்சாறு ஒழுகி, ஈ மொய்த்ததைச் சொன்னபோது அந்த முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்து நிறுத்தினேன்.

“சொல்லு” என்றாள்.

சொன்னேன். மணி அடித்தும் நர்ஸம்மா அன்று எங்களைப் போகச் சொல்லவில்லை.

அந்த வயதில் எனக்கு இதெல்லாம் கதை சொல்கிற விளையாட்டாகத்தான் இருந்தது. அன்றைய சாயங்காலத்தில்கூட, சொல்லி முடிக்க வேண்டுமே என்கிற கவலைதான் பெரிதாக இருந்தது. அப்பா என்னை மண்டிக்கு ஏன் இழுத்துக்கொண்டு போனார் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. அம்மா கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, இறங்கி, வீக்கம் வடிய மேலும் நாளாயிற்று. பக்கத்துக் கட்டிலம்மா எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போனார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடையிலிருந்து எனக்கு ஒரு சின்னக் குடை அனுப்பினார். சிவப்புத் துணி, பிடியில் கிளி மூக்கு. அதை ஏதோ ஒரு பஸ்ஸில் தொலைத்துவிட்டேன்.

நாங்கள் புறப்பட்ட காலையில் அத்தை வந்து, பச்சை உடம்புக்குக் காற்றுப் புகக்கூடாது என்று அம்மாவின் காதில் பஞ்சு வைத்து, ஒரு பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். தகரப்பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டார். ரோட்டுக்கு வந்ததும் அம்மா நின்றாள். வெயிலுக்குக் கண் கூசியது அவளுக்கு.

அப்பா கேட்டார். “மியூசியம் பக்கந்தான். பாத்துட்டுப் போலாமா? அந்தக் கிருஷ்ணன்...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“வேண்டாங்க. நீங்க பாத்ததெல்லாம் நானும் பாத்தாச்சு” என்றாள் அம்மா. “நீங்க ரெண்டு பேரும் பாக்காதது எதாச்சும் இருக்குதா?”

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து மெல்ல நடந்தோம். ஒரு சந்து முனையில், மாடி வீட்டிலிருந்து பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது. எனக்கும் அப்பாவுக்கும்தான் கேட்டது. பஞ்சு அடைத்த காதோடு நடந்த அம்மா, நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு நின்றாள். “என்னது?” என்றாள். பாட்டு என்று நான் கையைக் காட்டினேன். அவள் படியேற ஆரம்பித்துவிட்டாள். பெட்டியோடு அப்பா பின்னால் ஓடினார்.

மேலே ஒரு அறையில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுருதிப்பெட்டியோடு பாட்டு டீச்சர். பிள்ளைகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடித் திரும்பத் திரும்பத் தப்பு விட்டார்கள். வாசலில் தலைக்கட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்ததும் டீச்சர் சுருதிப்பெட்டியை நிறுத்தினார்.

“வாங்க. பாப்பாவச் சேக்கணுமா? ஏதாச்சும் கேக்க வந்தீங்களா?”

அம்மா காதைச் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தாள். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ஆமாங்க. கேக்கத்தான் வந்தோம்” என்றாள். “பாடச் சொல்லுங்க.”

டீச்சர் பாயின் ஓரத்தைக் காட்டினார். மூவரும் உட்கார்ந்தோம். பிள்ளைகள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.